தறிக்கூடத்து உதடுகள்

இங்கிலாந்தின் தார்ன்கிளஃப் ஊரில் தறி ஓட்டும் பெண்களுக்குக் குரல் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மற்ற ஆறு நாளும் நானூறு தறிகள் ஒரே கூரையின்கீழ் தடதடக்கும்போது, தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த தறிக்காரிக்குக் கேட்காது. ஆகவே பத்து வயதில் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கிற பிள்ளை, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுக்கப் பழகும் முன்பே உதட்டைப் படிக்கப் பழகிவிடும். முகத்தைத் தூக்கி, வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் செய்து காட்டுவார்கள். யார் வீட்டு மாமியார் என்ன சொன்னாள், யார் யாரோடு ஆற்றங்கரைப் பக்கம் போனாள் என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் நானூறு தறியையும் சுற்றி வந்துவிடும்.

கெசியா ஹாவர்த் இருபத்தெட்டு வருஷம் இந்தப் பேச்சுப் பேசியவள். பாலத்தடி மில்லில் நாலு தறி அவள் பொறுப்பு. தறி வரிசைகளுக்கு நடுவே நடக்கிற சந்துக்கு அந்தப் பக்கம் நாலு தறி மகள் ஹெப்சியுடையது. பெற்ற நாலு பிள்ளைகளில் மிஞ்சியவள் ஹெப்சி ஒருத்திதான். மூன்றும் காய்ச்சலில் போயின. வீட்டில் தாயும் மகளும் அவ்வளவாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். "உப்பு எங்கே", "கதவைச் சாத்து" என்பதோடு சரி. மனசில் கிடப்பதையெல்லாம் தறிக்கூடத்தில்தான் பேசினார்கள். முதன்முதலாகத் தூரமானதை ஹெப்சி தாயிடம் சொன்னது அந்தச் சந்தைத் தாண்டித்தான். கடைசிப் பையன் போன வாரம், "எனக்கு இன்னும் அவன் அழுற சத்தம் கேக்குதுடி" என்று கெசியா சொன்னதும் கணவனிடம் அல்ல, மகளிடம்தான். அத்தனை இரைச்சலுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் சண்டை பிடிக்கத் தொடங்கி, தெற்குத் துறைமுகங்களைப் போர்க்கப்பல்கள் மறித்துக்கொண்டதும் பஞ்சு வரத்து நின்றது. முதலில் அரை நேர வேலை. அப்புறம் சூரத் பஞ்சைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இழை குட்டை, தூசி அதிகம். பாவு நூல் நிமிஷத்துக்கு ஒருதரம் அறுந்து, ஒட்டி ஒட்டியே பெண்களுக்கு விரல் தேய்ந்தது. பிறகு அதுவும் இல்லை. மில் நின்று பதினைந்து மாதமாகிறது. ஊரே வாயடைத்துப்போய்விட்டதாகக் கெசியாவுக்குப் பட்டது. விடியற்காலையில் ஜன்னலைத் தட்டி எழுப்புகிற ஆள் இப்போது வருவதில்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடும். படுத்தபடி தறிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். கூரையில் மழை விழும் சத்தம்தான் கேட்கும்.

வியாழக்கிழமை தோறும் தறி துடைக்க ஆறு பெண்களை மில்லுக்குக் கூப்பிடுவார்கள். இரும்பு துருவேறாமல் இருக்க மாட்டுக் கொழுப்பைத் தடவித் தேய்க்க வேண்டும். அந்த மாசி மாத வியாழக்கிழமை கெசியாவும் மார்ஜரியும் ஆபீஸ் நடக்கும் கண்ணாடி அறைக்குப் பக்கத்து வரிசையில் இருந்தார்கள். மார்ஜரி பக்கத்து வீட்டுக்காரி. ஆள் கனம், வாய் அதைவிடக் கனம். கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களை வைத்திருந்தாள்.

"தறிக்கு என்ன யோகம் பாத்தியா கெசியா! ஒடம்பெல்லாம் கொழுப்பு தடவிக்குது. நமக்கு ரொட்டில தடவ ஒரு சொட்டு இல்ல" என்றாள் தறிக்கு அடியில் படுத்தபடி.

"நக்கிப் பாரு. யாரு தடுத்தா?"

"நக்கலன்னு யாருடி சொன்னா? போன வாரமே பாத்துட்டேன். துரு ருசிதான் தூக்கலா இருக்கு."

கெசியா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்றிருந்தார். எதிரே மேனேஜரும், லிவர்பூலிலிருந்து வந்த பஞ்சுத் தரகர் ஒருவரும். மேனேஜர் தறிக்கூடத்திலேயே வளர்ந்தவர் என்பதால் கூடத்துக்கு முதுகு காட்டித்தான் பேசினார். முதலாளி மான்செஸ்டரில் பிறந்து வளர்ந்தவர். கண்ணாடி சாத்தியிருந்தால் பேச்சு வெளியே போகாது என்று நம்புகிறவர். முகம் முழுக்க வெளிச்சம் விழ நின்று பேசினார். கெசியா அவர் உதட்டைப் படித்தாள்.

"கிடங்குல இருக்கிற எரநூத்தி நாப்பது மூட்டையும் எடுத்துக்கங்க. நல்ல அமெரிக்கப் பஞ்சு. பாஸ்டனுக்கே திருப்பிக் கப்பலேத்துறதா இருந்தாலும் சரி, எனக்கென்ன? நெய்து வித்தா இந்த விலை கிடைக்காது. புதன்கிழமை வண்டி வரட்டும். அதுவரைக்கும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டாம். இல்லய்யா, வசந்தத்துல தொறக்கிற பேச்சே இல்ல. இந்த வருஷமே இல்ல."

கெசியாவின் கை, தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தது. கிடங்கில் அந்த மூட்டைகள் இருக்கிறவரை வசந்தத்தில் மில் திறக்கும் என்றுதான் ஊரே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. தறிக்கு அடியிலிருந்து மார்ஜரி, "என்னடி, பேச்சைக் காணோம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு."

வீட்டுக்கு வந்தபோது ஹெப்சி கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் நிவாரணக் கமிட்டியின் தையல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, யாருக்கென்று தெரியாத உள்சட்டைகளைத் தைத்துவிட்டு வருகிறவள். கன்னம் ஒட்டி, முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கணவன் ஏபல் சகதியோடு வந்து அடுப்பருகே காலை நீட்டினான். நூல் நூற்ற மெல்லிய விரல்கள் அவனுக்கு. இப்போது கமிட்டி வேலையாகச் சாக்கடை தோண்டிக் கைமுழுக்கக் கொப்புளம். ஆனாலும் போன வருஷம் கூட்டம் போட்டு, அடிமைகளுக்கு விடுதலை கிடைக்க வடக்குதான் ஜெயிக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டபோது, காலி வயிற்றோடு இரண்டு கையையும் தூக்கியவன்.

"அந்தக் கையை இறக்காமலே வச்சிருந்தா கொப்புளம் வந்திருக்காது" என்று கெசியா அடிக்கடி குத்திக்காட்டுவாள்.

"அடிச்சு வேலை வாங்கிப் பறிச்ச பஞ்சுடி அது. அதை நெய்துதானே இத்தனை வருஷம் தின்னோம். கொஞ்ச நாளு பட்டினி கிடந்தா குறைஞ்சா போயிடும்?" என்பான். சரியென்றுதான் அவளுக்கும் படும். ஆனால் வயிற்றுக்குப் படாது.

அன்று ஏபல் பேச்சைத் தொடங்கினான். "அமெரிக்க ஏஜெண்ட் திங்கக்கிழமை காலை ரயிலுக்குப் போறாராம். பன்னெண்டு இடத்துல ஒன்பதுக்குப் பேர் குடுத்தாச்சு. என்ன முடிவு பண்ணியிருக்க ஹெப்சி?"

மாசசூசெட்ஸ் பக்கம் ஒரு கம்பளி மில். படைக்குத் துணி நெய்ய ஆள் போதவில்லை. கப்பல் செலவு அவர்களுடையது, தங்க இடம், வாரம் முழுக்க வேலை. சாராயம் விற்காத விடுதியில் அறை எடுத்து, வருகிற பெண்களின் கைவிரலை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஏஜெண்ட்.

"எனக்கென்னப்பா போகணும்னு ஆசையா? இங்கயே வசந்தத்துல தொறந்தாங்கன்னா நான் ஏன் கடல் தாண்டணும்? தொறக்க மாட்டாங்கன்னா போயித்தான் ஆகணும். இப்படித் தையலைப் போட்டுக்கிட்டு, உங்க கஞ்சியில பாதியைப் பிடுங்கித் தின்னுக்கிட்டு இருக்க முடியாது" என்ற ஹெப்சி தாயைப் பார்த்தாள். "அம்மா, நீதான் இன்னிக்கு உள்ள போயிட்டு வந்தியே. ஏதாவது பேசிக்கிட்டாங்களா?"

கெசியா சால்வையை மடித்து ஆணியில் மாட்டினாள். மடித்ததை எடுத்து மறுபடி மடித்தாள்.

"தொறக்காத மில்லுல யாராவது தறிக்குக் கொழுப்பு தடவுவாங்களா? இந்தத் தரம் பெரிய டப்பாவே குடுத்தாங்க" என்றாள்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. டப்பா பெரியதுதான். ஏபல் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். "நான் சொல்லல? மார்ஜரிகிட்ட சொல்லிட்டு வரேன்." ஹெப்சி அகப்பையைக் கழுவிக்கொண்டே மெதுவாக ராகம் இழுத்தாள். அவள் பாடி எத்தனையோ நாளாயிற்று. அந்த ராகத்தைக் கேட்கக் கேட்கக் கெசியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தன் கஞ்சியை மகளின் கிண்ணத்தில் சாய்த்தாள்.

ஏபல் வாயில் போட்டது ஊர் வாயில் போட்ட மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் 'பெரிய டப்பா' என்பது 'பத்து டப்பா' ஆகி, சனிக்கிழமை 'மேனேஜரே சொன்னார்' என்று ஆகிவிட்டது. ஏஜெண்டிடம் பெயர் கொடுத்தவர்களில் நாலு பேர் போய்த் தங்கள் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். அதில் இரண்டு பேர் மார்ஜரியின் பெண்கள். "நல்லவேளை போ! இதுங்க அங்க போயி எவனையாவது கட்டிக்கிட்டா நான் யாரைத் திட்டிட்டு உக்காந்திருப்பேன்?" என்று வாசலில் நின்று மார்ஜரி சிரித்தபோது, கெசியா அவளிடம் ஒரு அடி நெருங்கினாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். உள்ளே ஹெப்சி பாடிக்கொண்டிருந்தாள். திறந்த வாய், "மழை விடுற மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

மகளை அனுப்ப முடியாது அவளுக்கு. போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள்? ஒரு கடிதம், இரண்டு கடிதம். அப்புறம் அதுவும் இல்லை. எழுத்தில் என்ன எழுதுவது? கெசியாவுக்குத் தன் பெயர் போடத் தெரியும், அவ்வளவுதான். மகளோடு பேசுவதற்கு அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. அந்தச் சந்தில், அந்த இரைச்சலில், எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். இன்னும் ஒரு வருஷமானாலும் காத்திருந்தால் அது திரும்பக் கிடைக்கும் என்று ஏங்கினாள். அந்த ஒரு வருஷத்தில் இருக்கிற ஒருத்திக்கும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்று இன்னொரு மனசு கேட்டது. அந்த மனசைக் கிட்டவே சேர்க்கவில்லை அவள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது, மில் திறக்கப்போகிற சந்தோஷம். போதகர் ஊருக்குப் புதிது, இங்கிலாந்தின் தெற்குச் சீமைக்காரர். நல்ல மனுஷர். ஜெபம் என்றால் எழுந்து நின்று உரக்கச் சொல்லித்தான் இந்த ஊருக்குப் பழக்கம். அவரோ மௌன ஜெபம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "அவங்கவங்க இருதயத்துல இருக்கிறதை, வார்த்தையில்லாம ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. பாட்டுக் குழு மெல்லப் பாடட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரசங்க மேடைக்குப் பின்னால், மாடத்தில் பாட்டுக் குழு சபையைப் பார்த்து நின்றது. இருபத்திரண்டு பேர். இரண்டு ஆண்களைத் தவிர மற்ற எல்லாரும் தறிக்காரிகள். முதல் வரிசையில் மார்ஜரி, இரண்டாவது வரிசையில் ஹெப்சி.

கெசியா கண்ணை மூடினாள். வார்த்தையில்லாமல் எப்படி நினைப்பது என்று அவளுக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் சத்தமில்லாமல் பேசிப் பேசி, அவளுக்கு மௌனம் என்றாலே உதடு அசைவதுதான். தறிக்கு முன்னால் நிற்பதுபோல முகத்தைத் தூக்கினாள். நாற்பதடிக்கு அப்பால் இருப்பவருக்குச் சொல்வதுபோல வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக ஆண்டவரிடம் சொன்னாள்.

"ஆண்டவரே, என்னை மன்னியும். மில்லு தொறக்காது. பஞ்சு முழுக்க வித்தாச்சு. புதன்கிழமை வண்டி வருது. முதலாளி சொன்னதை நானே பாத்தேன். பாத்துட்டு மறைச்சேன். சொன்னா அவ கப்பலேறிடுவா. மூணை உமக்குக் குடுத்துட்டேன் ஆண்டவரே. இந்த ஒண்ணை எங்கிட்டயே விட்டுடும்."

பாட்டில் ஏதோ குறைந்தது. கண்ணை மூடியிருந்தாலும் அவளுக்குக் குரல்கள் தெரியும். முதலில் நின்றது மார்ஜரியின் கனத்த குரல். அவளுக்கு இருமல் வந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்து அவள் பெண்களின் குரல்கள். முதல் வரிசை முழுக்க நின்றது. பிறகு ஒவ்வொன்றாக, பாவு அறுவதுபோல. கடைசியில் இரண்டு ஆண்குரல்கள் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்த் திகைத்து நின்றன. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கெசியா கண்ணைத் திறந்தாள். மாடத்திலிருந்த அத்தனை முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. கையால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், அது தன்னுடையதுதானா என்பதுபோல.

போதகர் ஒன்றும் புரியாமல் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாடுங்க" என்றார். ஒருத்தியும் பாடவில்லை. ஹெப்சி தாயின் கண்ணைப் பார்த்து, உதட்டை அசைத்தாள்.

"நிஜமாம்மா?"

கண் வழிய, கெசியா ஆமென்று தலையை ஆட்டினாள்.

ஹெப்சி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஹெப்சியின் முகம் சின்னப் பிள்ளை முகம்போல ஆயிற்று. அவள் உதடு மெதுவாகச் சொன்னது.

"அழாதம்மா. நான் போகல. உன்கூடவே இருக்கேன்."

பதினைந்து மாதமாக எதற்கு ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. சந்துக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல மகள் பேசுகிறாள். அவளுக்கு மட்டும் என்பதுபோல, அவள் கேட்டதையே தருகிறாள். ஆனால் பேசுகிற முகத்தில் கன்னம் இல்லை. குழி இருந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த மணிக்கட்டு, கடைசிப் பையன் போகும்போது அவன் மணிக்கட்டுக்கு இருந்த கனம்தான் இருந்தது. திருடிய பொருளைக் கையில் வைத்திருப்பவள்போலக் கெசியாவுக்கு உடம்பு கூசியது.

அதற்குள் மாடப்படியில் மரச்செருப்புகள் தடதடவென்று இறங்கத் தொடங்கின. மார்ஜரி இரண்டு பெண்களையும் இரண்டு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கெசியாவைக் கடக்கும்போது நின்றாள்.

"எம் பிள்ளைகளும் பேரை அடிச்சிட்டு வந்துச்சுங்களேடி. நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன?" என்றாள். திட்டக்கூட இல்லை. அப்படியே வெளியே போனாள்.

ஏஜெண்டிடம் இருப்பது ஏழு இடம். பின்னால் இறங்கி வருபவர்கள் பதினைந்து பேருக்கு மேல். கெசியா பெஞ்சைத் தாண்டிக் குதித்து, கடைசிப் படியில் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா."

"நான் போகலன்னு சொன்னேனே. விடும்மா."

"சொன்னதைப் பாத்தேன். வா!"

இழுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பது வயதில், கஞ்சி குடித்த உடம்போடு, மழையில் வழுக்கும் கல்தெருவில், பாலத்தைத் தாண்டி. ஏபல் பின்னால் கூப்பிடுவது கேட்டது. நடுப்பாலத்தில் மார்ஜரி மூச்சு வாங்க நின்றாள். கெசியா அவளை இடித்துக்கொண்டே முந்தினாள். பிறகு இரண்டடி போய்த் திரும்பி, மார்ஜரியின் சின்னப் பெண்ணின் கையையும் மறு கையால் பிடித்தாள். "பெரியவளே, நீயும் ஓடியா!" என்று கத்தினாள். நாலு பேருமாக விடுதிக் கதவில் போய் விழுந்தார்கள்.

ஏஜெண்ட் கழுத்தில் துணியோடு கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை நான் வேலை பாக்கிறதில்லம்மா. காலையில வாங்க" என்றார்.

"காலையில வந்தா நீங்க ஓடிருவீங்க, அவ்வளவு கூட்டம் வரும். எட்டிப் பாருங்க."

அவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். பெருமூச்சோடு தட்டை நகர்த்திவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். மார்ஜரியின் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். அடுத்து ஹெப்சியைப் பார்த்துக் கேட்டார்.

"நீயாம்மா? நாலு தறி ஓட்டுவியா?"

"ஓட்டுவா" என்றாள் கெசியா. "எம் பக்கத்துல நின்னுதான் படிச்சா."

"உங்களைக் கேக்கலம்மா. ஏம்மா, உனக்கு வரச் சம்மதமா?"

ஹெப்சி தாயின் பக்கம் திரும்பினாள். அவருக்கு விளங்காத பேச்சில், நிதானமாகச் சொன்னாள்.

"ஒரு தரம் இருன்னு சொல்லும்மா. இருந்துடறேன். யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்."

கெசியா அவளைப் பார்த்துப் பேசவில்லை. ஏஜெண்டைப் பார்த்து, நானூறு தறி இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதுபோல, குரலெடுத்துக் கத்தினாள்.

"வருவா! எழுதிக்கங்க. ஹெப்சி ஹாவர்த். பத்தொன்பது வயசு."

பேனா தாளில் கீறியது. ஹெப்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெசியா சுவரோரமாக ஒதுங்கி, ஈரச் சால்வையின் முனையை இழுத்து வாயோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகள் திரும்பிப் பார்த்தாலும் உள்ளே அந்த உதடுகள் என்ன சொல்லிக்கொண்டிருக்கின்றன என்று அவளால் படிக்க முடியாது.